முன்பாரம், பின்பாரம்

பின்னைச் செருகிய பிறகும் அவர் நிமிரவில்லை. குனிந்தபடியே விரலை அடியில் விட்டு, பூட்டுவளையம் துளைக்குள் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பிறகு டிரெய்லரின் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் உலுக்கு. "கண்ணால பாத்தா பத்தாது சார். பின்னு விழுந்த சத்தம் கேட்டாலும் நம்பக் கூடாது. கை சொல்லணும்" என்றார்.

திருவிடைமருதூரில் தைப்பூசத் தேர் நிலைக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஊருக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டிய மண்பாதையில், சம்பா அறுக்க வந்த பெல்ட் மிஷின் பனி விலகக் காத்து நின்றது. கதிரில் ஈரம் இருக்கும்போது அறுத்தால் நெல்லிலும் அந்த ஈரம் ஏறிவிடும். மிஷினுக்குப் பின்னால் மூன்று டிராக்டர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு டிரெய்லர் பெட்டி. அந்தப் பெட்டிகளை இழுப்பவர்களைப் பார்க்கத்தான் அன்று போயிருந்தேன்.

டெல்டாவின் நெல் வயலைப் பற்றி எழுதுகிறவர்கள் நாற்று நடும் பெண்களை எழுதுகிறார்கள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமா என்று எழுதுகிறார்கள். கொள்முதல் நிலையத்தில் நனையும் மூட்டைகளை எழுதுகிறார்கள். வயலுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த நாலைந்து கிலோமீட்டரை யாரும் எழுதுவதில்லை. விளைந்தது அத்தனையும் அந்த வழியாகத்தான் போகிறது. அதை ஓட்டிப்போகிறவரின் கையில் இருப்பது ஒரு தொழில்நுட்பம். நாற்றங்கால் விடுவதைப் போல, களம் தூற்றுவதைப் போல, பழகிப் பழகி வருவது.

பின்னைத் தடவிப் பார்த்த அவருக்கு ஐம்பதுக்கு மேல் வயது. பன்னிரண்டு வயதில் அப்பாவின் மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தவர். இன்று ஓட்டுவது பழைய மாஸி ஃபெர்குசன். சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனம் செய்த வண்டி. 1960-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் சிவப்பு டிராக்டரைப் பார்க்காத தெரு தஞ்சாவூர்ப் பக்கம் அநேகமாகக் கிடையாது. கூட இருக்கிறவன் அக்கா மகன், பத்தொன்பது வயது. மாமனிடம் தொழில் கற்க வந்திருக்கிறான்.

"மாட்டுவண்டி ஓட்டத் தெரிஞ்சவனுக்கு டிரெய்லர் பாதி தெரிஞ்ச மாதிரி" என்றார் மாமன். ஏன் என்று கேட்டதற்கு இரண்டே சொல்லில் பதில் வந்தது: முன்பாரம், பின்பாரம்.

வண்டியில் சுமை முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், திமில் புண்ணாகும். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். கழுத்துக்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். நல்ல வண்டிக்காரன் மூட்டைகளை அச்சுக்கு இருபுறமும் பிரித்து அடுக்கி, கொஞ்சம், ஒரு பிடி அளவு, முன்பாரம் வைப்பான். ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தே அளவு சொல்லிவிடுவான். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் இதே கணக்குதான். மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் இப்போது டிராக்டரின் கொக்கி இருக்கிறது. பின்பாரம் ஆனால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் தரையில் பிடிமானம் இழந்து வழுக்கும். சாலையில் பெட்டி வாலாட்டும். முன்பாரம் மிஞ்சினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகும்; ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும்.

அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 போன்ற பெரிய பிக்கப் வண்டிகளின் பின்னால் படகையும் குதிரையையும் வீட்டையும்கூடக் கட்டி இழுக்கிறார்கள். அங்கே இதற்குக் கையேடு உண்டு: டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் உட்கார வேண்டும். மூன்று டன் பெட்டி என்றால் 300 முதல் 450 கிலோ. நம் ஊர்ப் பிக்கப் வண்டிகள் அநேகமாகத் தம் முதுகில் சுமப்பவை, இழுப்பவை அல்ல. இங்கே இழுவை முழுக்க டிராக்டரின் பாடு. அந்தக் கையேட்டைப் படிக்காமலே, நம் வண்டிக்காரர்கள் ஒரு பிடி முன்பாரத்தை ஏர்க்காலின் கனத்தில் அறிந்து வைத்திருந்தார்கள். அந்த அறிவு வீணாகவில்லை, மாட்டுக் கொட்டிலிலிருந்து டீசல் வண்டிக்குக் கைமாறியிருக்கிறது. அன்று எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது இதுதான்.

பனி விலகி மிஷின் வயலில் இறங்கியது. அரை மணிக்குள் அதன் தொட்டி நிறைந்து, பாதையோரம் வந்து, குழாயை நீட்டி நெல்லைப் பெட்டிக்குள் கொட்டியது. தார்ப்பாய் விரித்த பெட்டியில் பொன்னாகச் சரிந்தது சிஆர் 1009 ரக நெல். பையன் மண்வெட்டியோடு உள்ளே குதித்து நெல்லை முன்னும் பின்னும் தள்ளினான். மாமன் கீழே நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெல்லைப் பார்க்கவே இல்லை. "டயர் எவ்வளவு உக்காருதுன்னு பாத்தா எத்தனை மூட்டைன்னு தெரிஞ்சிடும்."

இந்தப் பக்கத்தில் விவசாயி பேசும் மூட்டை அறுபது கிலோ. கொள்முதல் நிலையத்தின் சாக்கு நாற்பது கிலோ. ஐம்பது மூட்டை ஏற்றினால் மூன்று டன். நெருக்கடி நாளில் நூறு மூட்டை ஏற்றுகிறவர்களும் உண்டு. அது ஆறு டன். இழுக்கும் டிராக்டரின் எடையோ சுமார் இரண்டு டன். தன்னைப்போல மூன்று மடங்கை அது இழுக்கிறது. இழுத்தும் விடுகிறது, ஏனென்றால் தாழ்ந்த கியரில் அதன் பலம் அப்படி. பிரச்சினை இழுப்பதில் இல்லை.

"இழுக்கிறது இஞ்சின் வேலை சார். நிறுத்துறதுதான் நம்ம வேலை."

டிராக்டரின் பிரேக் மிதிகள் இரண்டு. வலச்சக்கரத்துக்கு ஒன்று, இடச்சக்கரத்துக்கு ஒன்று. வயலில் மூலை திரும்பும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். உழவுக்கு அது வரம். சாலையில் அதே வரம் எமனாகிவிடும். பாரத்தோடு போகையில் ஒரு மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் ஒருபக்கம் வெட்டித் திரும்ப, பின்னால் வரும் பெட்டி அதை மடக்கித் தள்ளும். அதனால் இரண்டு மிதிகளையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னத் தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள். வயலை விட்டு ஏறியதும் மாமன் செய்த முதல் வேலை, குனிந்து அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது. வழியில் பார்த்த இன்னொரு டிராக்டரில் அந்தத் தாழ்ப்பாளே இல்லை. உடைந்து எத்தனை வருஷமோ.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. டிராக்டருக்குத்தான் பிரேக். அன்று அங்கே நின்ற மூன்று பெட்டிகளில் ஒன்றிலும் பிரேக் இல்லை. பாரம் மூன்று மடங்கானால், நிறுத்தவேண்டிய மொத்த எடை நான்கு மடங்கு. பிரேக் மட்டும் அதே இரண்டு சக்கரத்துப் பிரேக். மணிக்கு இருபது கிலோமீட்டர் என்பது சைக்கிள் வேகம். அந்த வேகத்திலும் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர் கடந்துவிடுகிறது. கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு வண்டி நீளம் போய்விடும்.

இதற்கு மாமன் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றே. ஆற்றுக்கரையிலிருந்து இறங்கும் இடத்துக்கு வெகு முன்பே நிறுத்தி, தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட்டுத்தான் இறங்குகிறார். பிரேக்கைத் தொடுவதே இல்லை. இஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்குகிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ஏறியது. "மேல ஏறுற கியர் எதுவோ, அதே கியர்லதான் இறங்கணும். இதை எங்கப்பா மாட்டுக்கும் சொல்வாரு. இறக்கத்துல மாட்டை ஓட்டாதே, புடின்னு."

பாரத்தைப் பிடித்து நிறுத்துவது இந்த ஊருக்குப் புதிய வித்தை அல்ல. மகாலிங்கசுவாமி கோயிலின் ஐந்து தேர்கள் தைப்பூசத்தில் ஓடும் வீதிகள் இவை. வடம் பிடிக்க ஊரே வரும். முட்டுக்கட்டை போடச் சிலரால்தான் முடியும். உருளும் சக்கரத்தின் முன்னால் ஓடி, சரியான கணத்தில் கட்டையைச் செருகி, சரியான கணத்தில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அங்கேயும் வீதி திரும்ப முட்டுக்கட்டை இன்னும் வேண்டியிருக்கிறது. இருந்தாலும் தேருக்கே பிரேக் வேண்டும் என்று யோசித்த மண் இது. நெல்லு வண்டிக்கு ஏன் யோசிக்கவில்லை? தேர் ஆண்டுக்கு ஒருநாள் ஓடுகிறது. பெட்டி அறுவடை முழுக்க, பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும் ஓடுகிறது. டிராக்டரின் ஹைட்ராலிக் குழாயில் பெட்டியைத் தூக்கிக் கவிழ்க்க முடிகிறது என்றால், பெட்டியின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவும் வழி செய்ய முடியும். வெளிநாடுகளில் பாரவண்டிகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். பட்டறைக்காரர்களும், கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கங்களும், வேளாண் பொறியியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் தீரக்கூடிய காரியம்.

கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழியில் எதிரே ஒரு லாரி வந்தது. பாதையில் ஒன்றுக்குத்தான் இடம். இப்போது பின்னால் எடுக்க வேண்டியது டிராக்டர்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பதைப் பார்க்காதவர்களுக்கு அது எவ்வளவு தலைகீழான வேலை என்று புரியாது. பெட்டி இடப்பக்கம் போகவேண்டும் என்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். பெட்டி திரும்பத் தொடங்கியதும் உடனே ஸ்டியரிங்கை மாற்றி ஒடித்து அதன் பின்னாலேயே போக வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் இரண்டும் கத்திரிக்கோலாக மடங்கிக்கொள்ளும். இரண்டு சக்கரப் பெட்டியில் மடங்கும் இடம் ஒன்று. நாலு சக்கரப் பெட்டியில் கொக்கியில் ஒன்று, முன் அச்சின் சுழல்தட்டில் ஒன்று என இரண்டு. அதைப் பின்னால் எடுக்கத் தெரிந்தவர்கள் கிராமத்துக்கு நாலைந்து பேர்கூடத் தேறமாட்டார்கள்.

ஸ்டியரிங்கில் பையனை உட்கார வைத்தார் மாமன். லாரிக்காரர் ஹாரனை அழுத்த, பையனின் காது சிவந்தது. முதல் தடவை மடங்கியது. முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி எடுத்தான். "பெட்டியைப் பாக்காதடா. பெட்டியோட பின்மூலையைப் பாரு. கொஞ்சமா ஒடி... கொஞ்சமா... மாத்து, மாத்து... வா, வா." மூன்றாம் தடவை பெட்டி ஒழுங்காகக் களத்துமேட்டுக்குள் நுழைந்தது. லாரி கடந்து போனது. மாமன் பாராட்டி ஒன்றும் சொல்லவில்லை. துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"எங்க வண்டியும் மருதூர் கோயில் மாதிரிதான் சார்" என்றார் பிறகு. "வந்த வழியே திரும்பாம போற இடமாப் பாத்து நுழையணும்." வரகுண பாண்டியன் கிழக்கு வாசலில் நுழைந்து, அங்கே பிரம்மஹத்தி காத்திருந்ததால் வேறு வாசலில் வெளியேறினான் என்பது தலபுராணம். பக்தர்கள் இன்றும் ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியேறுகிறார்கள். புது இடத்துக்குச் சுமை கொண்டுபோகும்போது மாமன் முதலில் கேட்பது, வெளியே போக மறுபக்கம் வழி உண்டா என்பதுதான்.

பையனுக்கு டிராக்டர் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது. டிரெய்லர் மாட்டியதும் அந்த லைசென்ஸ் செல்லாமல் போய்விடாது என்று 2001-இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் ஓட்டுநரை அப்படி ஏற்றுக்கொண்டது நல்லதே. ஆனால் டிராக்டர் ஓட்டுவதும் டிரெய்லர் இழுப்பதும் ஒரே பாடம் அல்ல. இரண்டாவது பாடத்தைச் சொல்லித்தரும் பள்ளி, இப்படி ஒரு மாமன் வாய்த்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது.

வழியில் எங்களைக் கடந்த ஒரு பெட்டியில் நெல் இல்லை. வேலை முடிந்து திரும்பும் பெண்கள் இருந்தார்கள். இருபது பேராவது இருப்பார்கள், கைப்பிடிக்க ஒன்றும் கிடையாது. 2022 அக்டோபரில் கான்பூர் அருகே கட்டம்பூரில் கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் பெட்டி குளத்தில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுகிறோம். நட்டும் களைபறித்தும் அந்த நெல்லை உண்டாக்கியவர்களை வெறும் தகரத்தில் உட்கார வைத்து அனுப்புகிறோம். வேறு வண்டி இல்லாததால்தான் ஏறுகிறார்கள். அறுவடைக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு ஊருக்கொரு சிற்றுந்து விட்டால் அந்தப் பெட்டி காலியாகத் திரும்பும்.

கொள்முதல் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் பதினோரு பெட்டிகள் நின்றன. ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழைத் தாண்டக் கூடாது என்பது விதி; 2023 பிப்ரவரி மழையின்போது அதை இருபது வரை தளர்த்தியது மத்திய அரசு. வரிசை நகரும் வேகத்தைப் பார்த்தால் அன்று இரவு அங்கேதான் என்று தெரிந்தது. டிராக்டருக்கு மறுநாள் காலை வேறு வயலில் வேலை. பெட்டியை மட்டும் கழற்றி விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பையன் பெட்டியின் பின்கதவில் ஒட்டியிருந்த சிவப்பு ஒளிர்பட்டையின்மேல் படிந்த சேற்றைத் துண்டால் துடைத்தான். இருட்டிய பிறகு சாலையோரம் நிற்கும் பெட்டி இருப்பதே அந்தப் பட்டையால்தான் தெரியும். பிறகு கொக்கிக்குப் போய்ப் பின்னில் கை வைத்தான். மாமன் பேசாமல் நின்று பார்த்தார். பையன் சட்டென்று கையை எடுத்தான். பெட்டிக்குப் பின்னால் ஓடி, இரண்டு தேக்குக் கட்டைகளை எடுத்து, இரு சக்கரத்தின் கீழும் வைத்து, போதாதென்று செங்கல்லையும் சேர்த்து, காலால் உதைத்து இறுக்கினான்.

"கட்டை போட்டாச்சு மாமா."

"இப்ப எடு பின்னை" என்றார் அவர்.