யார் பக்கத்தில் யார்? (பள்ளிக்கூடப் பயணம் – 4)

போன இதழில் உங்களைத் திருவாமாத்தூரில் விட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். அபிராமேசுவரர் கோயிலையும் வட்டப்பாறையையும் பார்த்தாயிற்று. பொய்ச் சத்தியம் செய்தவனைச் சும்மா விடாது என்று சுற்று வட்டாரமே நம்பும் பாறை அது. இந்த ஊரில் வாழ்ந்து 1898-இல் மறைந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளைப் பற்றியும் எழுதியிருந்தேன். வெள்ளைக்காரன் ஆட்சியைக் கண்டித்து 'ஆங்கிலியர் அந்தாதி' பாடியவர். அவர் மறைவதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்பு, 1798 பிப்ரவரியில், தஞ்சாவூரில் ஒரு ஜெர்மானியர் இறந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் வைத்தவர். கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். இந்த வாரம் அவர் பள்ளியைத் தேடிப் போகிறோம்.

திருவாமாத்தூரிலிருந்து விழுப்புரம் பக்கம்தான். ஜங்ஷனில் மயிலாடுதுறை பாசஞ்சரில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். பண்ருட்டி வரை முந்திரித் தோப்பும் கரும்பும் மாறி மாறி வந்தன. பண்ருட்டியில் ஒரு பாட்டி இரண்டு பலாப்பழத்தோடு ஏறி, ஒன்றை என் காலடியில் வைத்து, "பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அடுத்த சில நிமிடங்களில் மேல்பட்டாம்பாக்கம். வண்டி நின்றது தெரியாமல் கிளம்பிவிடும் சின்ன நிலையம். நான் எட்டிப் பார்த்ததற்குக் காரணம் உண்டு.

1860-களில் இங்கே கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் 'பெத்தானியா' என்று பெயரிட்டுக் குடியேறினார். அதற்கு முன் அவர் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர். சண்டை சாதியால் வந்தது. கிறிஸ்தவனாகிவிட்ட பிறகும் சாதி பார்ப்பவனுக்குச் சபையில் இடமில்லை என்றார் ஓக்ஸ். சாதி ஒரு சமூக வழக்கம், அது மெல்லக் கரையட்டும், அடித்து உடைக்க வேண்டாம் என்பது லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுலின் கட்சி. இந்தக் கிரவுல் சாமானியர் அல்லர். திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் பெயர்த்தவர். அவ்வளவு தமிழ் படித்தவர் பந்தி விஷயத்தில் இப்படி வழுக்கினாரே என்று எனக்கு வருத்தம்தான். ஓக்ஸ் வெளியேறினார். டென்மார்க்கின் மிஷன் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நடுநாட்டுக்காரர்கள் இன்றும் 'டேனிஷ் மிஷன் ஸ்கூல்' என்று சொல்லும் நெல்லிக்குப்பம், திருக்கோவிலூர், திருவண்ணாமலைப் பள்ளிகள் அந்தச் சங்கத்தின் வழியில் வந்தவை. பலகையில் டென்மார்க் இருந்தாலும் முதல் கல் வைத்த கை ஜெர்மன் கை.

நெல்லிக்குப்பத்தில் பாரி ஆலையின் சர்க்கரைப் பாகு மணம் பெட்டிக்குள் வந்ததும் பாட்டி விழித்துக்கொண்டார். பழம் இரண்டும் பத்திரம்.

தஞ்சாவூரில் இரவு தங்கினேன். காலையில் சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தைப் பார்த்தேன். 1779-இல் கட்டியது. உள்ளே, மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையைச் சரபோஜி மன்னர் பற்றியிருக்கும் பளிங்குச் சிற்பம். லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சரபோஜியே சொல்லிச் செய்வித்தது. தஞ்சைப் பள்ளி இன்று தூய பேதுரு மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. நான் இராமநாதபுரம் பேருந்தில் ஏறினேன். புதுக்கோட்டை, தேவகோட்டை வழியாக நீளமான பயணம். சுவார்ட்ஸ் கதையைச் சொல்ல அது போதும்.

பிறந்தது 1726, பிராண்டன்பர்க்கின் சோனன்பர்க். அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. படிக்கப் போனது ஹாலே நகரம். அங்கே ஃபிராங்கே என்பவர் 1695-இல் உண்டியலில் விழுந்த சில வெள்ளிக் காசுகளை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது வளர்ந்து அனாதை இல்லம், அச்சகம், மருந்துச் சாலை, நூலகம் என்று ஒரு சிறு நகரமே ஆயிற்று. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்குவும் ஹாலேயில் படித்தவர்தான். சுவார்ட்ஸ் கப்பல் ஏறுவதற்கு முன்பே தமிழ் படிக்கத் தொடங்கிவிட்டார். சென்னையில் ஊழியம் செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சேயிடம், ஹாலேயிலேயே. 1750-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சில மாதங்களில் தமிழில் பிரசங்கம் செய்துவிட்டார்.

ஹாலேயைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபிராங்கேயின் வளாகத்தில் எல்லாரும் ஒரே பள்ளியில் படிக்கவில்லை. பிரபு வீட்டுப் பையனுக்குப் பேடகோகியம் என்ற விடுதிப் பள்ளி. ஊர்ப் பெரிய மனிதர் பிள்ளைக்கு லத்தீன் பள்ளி. ஏழைக்குத் தாய்மொழிப் பள்ளி. அனாதைப் பிள்ளைகளில் கெட்டிக்காரன் அகப்பட்டால் லத்தீன் பள்ளிக்கு ஏற்றிவிடுவார்கள். மற்றபடி அவரவர் இடம் அவரவருக்கு. 'லத்தீனா' இன்றும் அதே வளாகத்தில் அரசு ஜிம்னாசியமாக, இசைக்குப் பெயர் பெற்ற பள்ளியாக நடக்கிறது. 1945-இல் குண்டு விழுந்து வளாகம் சேதப்பட்டது, 1946-இல் சோவியத் ஆக்கிரமிப்பின்போது ஃபிராங்கே அறக்கட்டளை கலைக்கப்பட்டது, ஜெர்மனி இணைந்த பிறகு மீண்டும் எழுந்தது. பிரபுவும் ஏழையும் என்ற பிரிவெல்லாம் போய்விட்டது. ஆனாலும் அந்த மாநிலத்தில் நான்காம் வகுப்பு முடிந்ததும் யார் ஜிம்னாசியம், யார் வேறு பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். பத்து வயதில்! நம் ஊர் பத்தாம் வகுப்புப் பரீட்சையே தேவலாம் என்று தோன்றுகிறது.

இந்த ஹாலேப் பழக்கம்தான் காவிரிக் கரைக்கும் வந்தது என்று நினைக்கிறேன். தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு தரும பள்ளி இருந்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி தனி. இரண்டாவதற்கு யோசனை சொன்னவர் தஞ்சை அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சல்லிவன். (ஊட்டியைக் கண்ட சல்லிவன் அல்லர், இவர் முந்தியவர்.) தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை என மூன்று ஊரிலும் பள்ளி திறக்க ஏற்பாடாயிற்று. இராமநாதபுரம் பள்ளி 1785-இல் பிறந்தது. 1787-இல் கம்பெனி இயக்குநர் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் என்று மானியம் ஒதுக்கியது. கம்பெனிக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும், அரசர்களுக்குக் கம்பெனியோடு பேசத் தெரிந்தவன் வேண்டும். நடுவில் நின்ற ஜெர்மானியருக்கு ஆங்கிலம் தாய்மொழிகூட இல்லை. ஹைதர் அலியிடம் தூது அனுப்ப 1779-இல் கம்பெனி தேர்ந்தெடுத்ததும் இவரைத்தான். இரு தரப்பும் நம்பக்கூடிய ஆள் வேறு கிடைக்கவில்லை போலும்.

இராமநாதபுரத்தில் இறங்கும்போது மணி மூன்று. உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. ஆட்டோக்காரரிடம் "சுவார்ட்ஸ் ஸ்கூல்" என்றதும், "கலாம் படிச்ச ஸ்கூலாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார். இன்று இந்த ஊரில் சுவார்ட்ஸுக்கு அடையாளம் கலாம்தான்.

அப்துல் கலாம் இராமேசுவரத்திலிருந்து இங்கே வந்தது 1940-களில். அதற்கு முன்பு நடந்ததை 'அக்கினிச் சிறகுகள்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில், கோயில் குருக்களின் மகன் பக்கத்தில் முஸ்லிம் பையன் உட்காருவதா என்று புதிதாக வந்த ஆசிரியர் அவரைப் பின் வரிசைக்கு எழுப்பிவிட்டார். அந்தக் குருக்களே ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்த பிறகுதான் அது தீர்ந்தது. அந்தப் பையன் படகுக்காரர் மகனாக இங்கே வந்து விடுதியில் தங்கினான். வீட்டு நினைப்பு வாட்டியது. அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர் அவனுக்குள் துணிச்சலை ஊட்டினார். கணக்கு வாத்தியார் இராமகிருஷ்ண ஐயர், தம் வகுப்புக்குள் தெரியாமல் ஓடிவந்தவனைப் பிடரியைப் பிடித்து எல்லார் முன்னும் பிரம்பால் விளாசினார். பிறகு அவனே கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோது, காலைக் கூட்டத்தில் அந்தக் கதையைச் சொன்னவரும் அவரே. ஜெர்மன் பாதிரியார் பெயர் தாங்கிய பள்ளியில், கிறிஸ்தவ ஆசிரியரும் பிராமண ஆசிரியரும், மரைக்காயர் வீட்டுப் பையனும். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கென்று திட்டம் போட்டவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். சுவார்ட்ஸ் திறந்த வாசல் சின்னது. அதை அகலப்படுத்தியது பின்னால் வந்தவர்கள்தான். விடுதி என்று ஒன்று இல்லாவிட்டால் தீவிலிருந்து அந்தப் பையன் எப்படி வந்திருப்பான்?

இப்போது பள்ளி தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கிறது. கடைசி மணி அடித்ததும் வாசல் பொங்கி வழிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு கூட்டம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் போகிறவர்கள் பஸ் பாஸைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்தபடி ஓடினார்கள். எதிர்க்கடையில் மூன்று பேர் காசு சேர்த்து ஒரே பொட்டலம் வறுகடலை வாங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுக் கொடுத்தேன். ஒன்பதாவது படிக்கிறார்களாம்.

"சுவார்ட்ஸ் யாருன்னு தெரியுமா தம்பி?"

"ஜெர்மன்காரர் சார். ஸ்கூல் டேல சொல்வாங்க."

"ஜெர்மன் பாஷை தெரியுமா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவனுக்கு மட்டும் ஒரு கார் கம்பெனிப் பெயர் தெரிந்திருந்தது.

"சரி, கிளாஸ்ல யார் பக்கத்துல யார் உக்காரணும்னு எப்படி முடிவு பண்றாங்க?"

இதற்கு மட்டும் பதில் தயாராக இருந்தது. கடலையை மென்றபடியே பெரியவன் சொன்னான்: "கண்ணாடி போட்டவன் முன்னாடி சார். வளந்தவன் பின்னாடி. நாங்க மூணு பேரும் ஒண்ணா உக்காந்தா பேசுவோம்னு, ஆளுக்கொரு மூலையில போட்டு வச்சிருக்காங்க."

(அடுத்த இதழில்: தரங்கம்பாடி)