காரணம்: நடத்தை

4 செப்டம்பர் 2024, புதன்
அனகாபுத்தூர்

பக்கத்து வீட்டில் வாழைநார்ப் புடவை தறியில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் மருத்துவம் படிக்கிறாள். சாயங்காலம் வாசலில் நின்று போனை நீட்டினாள். "இதப் படிங்க ஆன்ட்டி. நாங்க இதைத்தான் பரீட்சைல எழுதணுமாம்."

தேசிய மருத்துவ ஆணையம் ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட புதிய பாடத்திட்டம். தடய மருத்துவப் பகுதியில், இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களின் வரிசையில் லெஸ்பியன் உறவையும் சேர்த்திருக்கிறார்கள். கன்னித்திரை பற்றிய பாடமும் திரும்ப வந்திருக்கிறது.

எந்தச் சட்டப்படி குற்றம்? வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்த ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுக்கு இணையான பிரிவே இல்லை. இல்லாத குற்றத்தை இவள் மனப்பாடம் செய்து, நாளை தன் முன் வந்து உட்காரும் பெண்ணை அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டுமாம். பாடப்புத்தகங்களில் இப்படி எழுதியிருப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே கண்டித்தது. அந்த அக்டோபரில் ஆணையமும் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. மூன்றே வருஷத்தில் பழையபடி.

5 செப்டம்பர், வியாழன்

ஆசிரியர் தினம். கேக் வெட்டி முடித்த பிறகுதான் விஷயம் காதுக்கு வந்தது. எங்கள் கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவரை வேறு வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒருத்தி தலைமுடியை ஆண்பிள்ளை போல ஒட்ட வெட்டியிருக்கிறாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். ஆதாரம் என்று சொன்னது இவ்வளவுதான். மெஸ்ஸில் அவர்கள் நுழைந்தாலே "புருஷன் பொண்டாட்டி வந்தாச்சு" என்று கத்துவார்களாம்.

பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அறை மாற்றத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தில் ஒரு பெண்ணுக்கு 'மின்விசிறி பழுது', இன்னொருத்திக்கு 'ஆஸ்துமா'. இவர்கள் இருவருக்கும் 'நடத்தை'.

சக ஆசிரியை ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "விடுங்க மேடம், ஹாஸ்டல் பழக்கம். தாலி ஏறினா தானா சரியாயிடும்." வசை பாடுகிறவர்களோடு சண்டையாவது போடலாம். இந்த ஆறுதல், படிப்பை நிறுத்தி அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பதில்தான் போய் முடியும்.

இரவு செய்தி: பாடத்திட்டத்தை ஆணையம் திரும்பப் பெற்றுக்கொண்டது.

7 செப்டம்பர், சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடிக்கும்போதும் அந்த 'ஹாஸ்டல் பழக்கம்' மனதை விட்டுப் போகவில்லை. அமெரிக்காவிலும் இதே பேச்சு உண்டு, பட்டம் வாங்கும் வரைக்கும்தான் லெஸ்பியன் என்று. 2011-ல் வெளிவந்த அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பு வேறு மாதிரி சொன்னது. 22 முதல் 44 வயதுக்குள் உள்ள பெண்களில், இன்னொரு பெண்ணோடு உறவு இருந்ததாகச் சொன்னவர்கள் பட்டதாரிகளில் 10 சதவீதம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களில் 15 சதவீதம். கல்லூரியில் தொற்றுகிற பழக்கம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

2018 மார்ச்சில் கொல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளி, பத்து மாணவிகளிடம் தாங்கள் லெஸ்பியன் என்று கட்டாயப்படுத்தி எழுதி வாங்கியதாகப் பெற்றோர் கொதித்துப்போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்!

9 செப்டம்பர், திங்கள்

முடி வெட்டிய பெண் வந்தாள். "ஹாஸ்டல் தண்ணி ஒத்துக்காம கொத்துக் கொத்தா கொட்டிச்சு மேம். அதான் வெட்டிட்டேன். அவ என் ஃப்ரெண்டு, அவ்வளவுதான்." ஊரிலிருந்து அம்மா போனில் அழுகிறாராம்.

மற்றவள் மாலையில் வந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள். தன்னைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் எழுதலாம்: "நானே இன்னும் யோசிச்சு முடிக்கல மேம். அதுக்குள்ள எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க."

முதல் பெண்ணைக் காப்பாற்றுவது சுலபம். 'அவ அந்த மாதிரி இல்ல' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வார்டனும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார். அப்புறம் பழி முழுவதும் மற்றவள் தலையில் விழும். அந்த மாதிரி இருந்தால்தான் என்ன என்று கேட்க ஆள் இருக்காது. அதனால் அந்த வார்த்தையை என் வாயால் சொல்லப் போவதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

13 செப்டம்பர், வெள்ளி

திருத்திய பாடத்திட்டம் நேற்று வந்துவிட்டது, அந்தப் பகுதி நீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் மாடியிலிருந்தே கத்திச் சொன்னாள்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 தீர்ப்பை மறுபடி படித்தேன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள் போலீஸ் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்குள் இருந்த முன்முடிவுகளை மறைக்கவில்லை. உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து பாடம் கேட்டு, அதையும் எழுதி வைத்தார். 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். பள்ளி, கல்லூரிப் பாடங்களைத் திருத்தச் சொன்னார். அவ்வளவு பெரிய இடத்தில் இருப்பவருக்கு முடிந்தது ஒரு விடுதிக் குழுவுக்கு முடியாதா?

கல்லூரி முதல்வரைப் பார்த்தேன். 'எங்கள் மகள் அப்படிப்பட்டவள் இல்லை' என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிவிடலாம் என்றார். கூடாது என்றேன். இருவருக்கும் பழைய அறை வேண்டும், பதிவேட்டில் அந்தச் சொல்லை அடிக்க வேண்டும், மெஸ் கேலியை ராகிங் புகாராக எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை குழு கூடுகிறது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தீர்ப்பின் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.