பேத்தை ஊதினால் சிரிக்காதேங்கோ

பேத்தை மீன் ஊதுவதைப் பார்த்தால் எல்லாருக்கும் சிரிப்பு வரும். கைத்தொலைபேசியில் அப்படியான வீடியோக்கள் நிறையவே ஓடுது. ஒருத்தர் மீனைக் கையில் எடுத்துத் தடவுவார், அது பந்து மாதிரி வீங்கும், பார்க்கிற ஆக்கள் இதயம் போடுவினம். ஓமந்தையில் எங்கட வீட்டு மீன்தொட்டியில் ஒரு பேத்தை இருக்கு. அது வந்த பிறகு அந்த வீடியோக்களை என்னால் பார்க்க ஏலாமல் போச்சு. ஊதுவது அதின்ர விளையாட்டு இல்லை. தப்பி ஓட வழியில்லாத நேரத்தில், எதிரி விழுங்க முடியாத அளவுக்குத் தன்னைப் பெரிசாக்க, அவசரமாகத் தண்ணீரைக் குடிக்கிறது. தண்ணீருக்கு வெளியே தூக்கி வைத்துப் பயப்படுத்தினால் காற்றை விழுங்கும். அந்தக் காற்று வெளியே வராவிட்டால் செத்தும் போகலாம்.

2021 நவம்பரில் தம்பி வவுனியாவில் ஒரு கடையில் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்தான். "நல்ல தண்ணி மீன்தான், இண்டைக்கே விடலாம்" எண்டு கடைக்காரர் சொன்னாராம். பெருவிரல் நீளம், பச்சை முதுகு, கறுப்புப் புள்ளிகள், வெள்ளை வயிறு. இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி எங்களைப் பார்த்தது.

அம்மம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "உது பேத்தையெல்லே! வலையில பட்டா கரையில கழிச்சு எறியிற மீனை ஆரும் காசு குடுத்து வாங்குவினமோ?" எண்டா. அவ சொன்னதில் பிழையில்லை. பேத்தை இனங்கள் பலவற்றின் ஈரலிலும் முட்டையிலும் ரெட்ரோடொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. சமைத்தாலும் அது போகாது. ஆனால் தொட்டியில் இருக்கிற பேத்தையால் எங்களுக்கு ஆபத்தில்லை. எங்களால் அதுக்குத்தான் ஆபத்து.

ஒரு கிழமையில் அது தெரிந்தது. வயிறு சாம்பலாகி, பிறகு கறுத்தது. ஒரே கண்ணாடி ஓரத்தில் மேலும் கீழுமாக நாள் முழுக்க நீந்தியது. இல்லாவிட்டால் வாலை ஒரு பக்கம் மடித்துக்கொண்டு அடியில் கிடந்தது. போட்ட இறாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. (இரவில் நித்திரையில் நிறம் மங்கினால் பயப்படத் தேவையில்லை. விழித்திருக்கும்போது கறுத்தால்தான் கவனிக்க வேண்டும்.) கடையில் கேட்டதற்கு ஒரு நீல மருந்துப் போத்தலைத் தந்து அனுப்பிவிட்டார்கள்.

உயிரியல் படிப்பிக்கிற மச்சாள் அந்த நேரம் வீட்டுக்கு வந்திருந்தா. போத்தலைத் திறக்க விடவில்லை. "வருத்தம் மீனுக்கில்லையடி, தண்ணிக்கு" எண்டு சொன்னா. பேத்தைக்கு மற்ற மீன்கள் மாதிரிச் செதில் கிடையாது. அதனால் மருந்துகள், முக்கியமாகச் செப்பு சேர்ந்தவை, அதை லேசில் தாக்கும். அதோடு நீல மருந்து வடிகட்டியில் வளர வேண்டிய நல்ல பக்டீரியாக்களையும் கொன்றுவிடும்.

மச்சாளின் மாணவன் ஒருவனிடம் அமோனியா சோதிக்கிற கிட் இருந்தது. மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் நல்ல பச்சையாக வந்தது. மீனின் கழிவும் மிச்சச் சாப்பாடும் அமோனியாவாக மாறும். ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை அவ்வளவு ஆபத்தில்லாத நைத்திரேற்றாக்கும். இந்த இரண்டு கூட்டமும் வடிகட்டியின் பஞ்சில் வளர்ந்து நிலைக்க நாலு, ஆறு கிழமை வேண்டும். அதற்கு முன் மீனை விடுவது, கக்கூசுக்குள் கட்டிலைப் போட்டு ஒருத்தரைப் படுக்க வைக்கிற மாதிரி. எங்கட கிணற்றுத் தண்ணி வேறு கடினத் தண்ணி, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். காரத்தன்மை கூடின தண்ணீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும். ஆனால் பேத்தைக்கு அந்தக் கடினத் தண்ணிதான் பிடிக்கும். அதனால் தண்ணீரை மாற்றாமல், அமோனியாவைக் குறைக்கிற வழியைப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினோம், சாப்பாட்டைக் குறைத்தோம், தொட்டியின் மூன்று பக்கமும் பேப்பர் ஒட்டினோம்.

கொஞ்சம் தெளிந்தது. ஆனால் வயிறு முழுசாக வெளுக்கவில்லை. மிச்சக் காரணம் உப்பு.

எங்கட பேத்தை, கடைகளில் பச்சைப் புள்ளிப் பேத்தை என்று விற்கிற வகை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற இரண்டு இனங்களை அந்தப் பெயரில் கலந்து விற்கிறார்கள். இரண்டுமே ஆறு கடலோடு சேருமிடத்து மீன்கள். அதில் ஒன்று இலங்கையின் கழிமுகங்களிலும் இருக்கிறது. குஞ்சில் நல்ல தண்ணீரில் தாக்குப்பிடிக்கும், வளர வளர உப்பு வேண்டும். கேரளத்து ஆறுகளில் இருக்கிற குட்டிப் பேத்தை மட்டும் வேறு. மூன்று சென்ரிமீற்றர் அளவுதான் வளரும், அது உண்மையாகவே நல்ல தண்ணி மீன். கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான் போல.

கறியுப்புப் போட்டால் சரிவராது. கடல் தண்ணீரில் இருக்கிற கல்சியம், மக்னீசியம் எல்லாம் அதில் இல்லை. மீன்தொட்டிக்கென்று விற்கிற கடலுப்பு அந்த நேரம் வவுனியாவில் கிடைக்கவில்லை, கொழும்பில் சொன்ன விலை எங்களுக்குக் கட்டாது. முல்லைத்தீவில் வேலை செய்கிற மச்சான்தான் வழி காட்டினான். கிழமை முடிவில் வரும்போது 20 லீற்றர் கானில் கடல் தண்ணி கொண்டுவந்தான். வள்ளங்கள் கட்டுகிற இடத்துக்குத் தள்ளி அள்ளினது. துணியில் வடித்து, இருட்டில் சில நாள் வைத்துத் தெளிந்த பிறகு எடுத்தோம்.

கணக்கு லேசு. கடல் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஒரு பங்கு கடல் தண்ணீருக்கு நாலு பங்கு கிணற்றுத் தண்ணீர் சேர்த்தால் 7 கிராம் வரும். சின்னப் பேத்தைக்கு அது காணும். ஒரே நாளில் அல்ல, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு மாதத்தில். அம்மம்மா பார்த்துச் சிரித்தா: "நாங்கள் சவர்த் தண்ணி எண்டு கிணத்தை விட்டிட்டு ஓடுறம், இது சவரைக் கேக்குது." மூன்றாம் கிழமை வயிறு வெளுத்தது. குளத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்திருந்த சின்ன நத்தைகளைப் போட்டோம், கடக் கடக்கென்று கடித்தது. பேத்தையின் நாலு பல்லும் வாழ்நாள் முழுக்க வளரும். ஓடுள்ள சாப்பாடு கடித்துத் தேயாவிட்டால் வாய் திறக்க ஏலாமல் பட்டினி கிடக்கும்.

அதுக்குப் பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வடிகட்டி நின்றால் மீனுக்கு மட்டுமல்ல, பஞ்சில் இருக்கிற பக்டீரியாவுக்கும் ஒட்சிசன் இல்லை. ஓமந்தை வெயிலில் சூடான தண்ணீரில் ஒட்சிசன் இன்னும் குறைவு. நானும் தம்பியும் முறை வைத்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஒரு சட்டி தண்ணீரை அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றினோம். கரண்ட் இல்லாத நாளில் சாப்பாடு போடவில்லை. ஈரப் பஞ்சை எடுத்துத் தொட்டியிலேயே மிதக்க விட்டோம். வீட்டில் காஸ் இல்லை, பால்மா இல்லை, மீனுக்கு என்ன இந்தப் பாடு என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எங்களால் செய்யக்கூடியதாக இருந்த வேலை அது ஒன்றுதான், அதைச் செய்தோம்.

அக்காவின்ர மகன் வந்தால் கண்ணாடியைத் தட்டி, "ஊதடா ஊது" எண்டு கத்துவான். அம்மா ஒருநாள் அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினா. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, ஓமந்தைச் சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்ற கதையைச் சொன்னா. "பயந்து நிக்கிறதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது ராசா" எண்டா. அவனுக்கு எவ்வளவு விளங்கினதோ தெரியாது. ஆனால் தட்டுவதை விட்டுவிட்டான்.

பேத்தை வாங்க ஆசைப்படுகிற ஆக்களுக்குச் சொல்ல இவ்வளவுதான். எந்த இனம், எவ்வளவு உப்பு என்று கேட்டு, கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல் தேடியும் பாருங்கோ. தொட்டியை ஆறு கிழமை முதலே தயார்ப்படுத்துங்கோ. முழுசாக வளர்ந்தால் 15 சென்ரிமீற்றர் வரும், ஒரு மீனுக்கே 100 லீற்றருக்கு மேல் வேண்டும். இடம் மாற்றும்போது வலையால் தூக்காமல் ஒரு சாடியால் தண்ணீரோடு அள்ளுங்கோ. கறுத்தால் மருந்தைத் தேடாமல் முதலில் தண்ணீரைச் சோதியுங்கோ. எல்லாம் சரியாகச் செய்தால் உங்கட பேத்தை ஊதவே ஊதாது. எங்கட பேத்தை ஊதி நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.