அப்பாவும் ஒரு ஸ்லர்ப்பும்

ஃபர்ஸ்ட் இயர்ல கம்யூனிகேஷன் லேப்னு ஒண்ணு இருந்ததே, ஞாபகம் இருக்கா? ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரர் பேசுவதைக் கேட்டு, புரிந்த மாதிரி தலையாட்டுவோமே, அதேதான். என்னை மாதிரி பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு அது வாராவாரம் வருகிற காய்ச்சல்.

ஒரு நாள் மேம் ஒரு ஷீட் கொடுத்தார்கள். சாப்பிடுவது, குடிப்பது சம்பந்தமான வினைச்சொற்கள். சிப், கல்ப், மன்ச், க்ரன்ச், ஸ்லர்ப். இதில் எனக்கு ஸ்லர்ப் ரொம்பப் பிடித்துப்போனது. சொல்லும்போதே வாய்க்குள் ஏதோ வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். 'டிரிங்க்' என்பதற்கு இது கொஞ்சம் ஸ்டைலான வார்த்தை போல என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சென்னைக்கார ரூம்மேட் போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். "கேன்டீன்ல. ஐ ஆம் ஸ்லர்ப்பிங் டீ" என்றேன், செம கெத்தாக. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு. ஒரு வாரத்துக்கு ஹாஸ்டலில் என் பேரே ஸ்லர்ப்தான்.

ராத்திரி அவன்தான் விளக்கினான். "கிராமர்ல தப்பில்லடா. ஆனா சர்ருன்னு சத்தம் போட்டு உறிஞ்சிட்டு இருக்கேன்னு நீயே உன்னைப் பத்திப் போட்டுக் குடுக்கற மாதிரி இருக்கு."

யோசித்துப் பார்த்தால் விஷயம் சுவாரசியமானதுதான். நாம் வினையைத் தனியாகவும் சத்தத்தைத் தனியாகவும் வைக்கிறோம். 'குடித்தான்' ஒன்றுதான். முன்னால் 'மடக்குமடக்குன்னு' போடலாம், 'சர்ருன்னு' போடலாம். ஆங்கிலத்தில் ரெண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கும். சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சிப். மடக்கென்று விழுங்கினால் கல்ப். காற்றையும் சேர்த்துச் சத்தத்தோடு உறிஞ்சினால் ஸ்லர்ப். டீ, சூப், நூடுல்ஸ் எல்லாவற்றையும் ஸ்லர்ப் பண்ணலாம். சிப்ஸைப் பண்ண முடியாது, அது க்ரன்ச். 'எ ஸ்லர்ப் ஆஃப் டீ' என்று பெயர்ச்சொல்லாகவும் வரும்.

ஆனால் ஸ்லர்ப்புக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. மேனர்ஸ். தன்னைப் பற்றி விளையாட்டாகச் சொல்லிக்கொள்ளலாம். சின்னக் குழந்தையிடம் 'டோன்ட் ஸ்லர்ப்' என்று அதட்டலாம். வளர்ந்த ஒருவரிடம் நேராகச் சொன்னால், உனக்குச் சாப்பிடத் தெரியவில்லை என்று சொன்ன மாதிரி.

அதற்கப்புறம் இந்த வார்த்தையை எங்கே பார்த்தாலும் பிடித்துவைத்துக்கொள்வேன். டச்சு மொழியிலிருந்து 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்ததாம். க்ளோஜர் என்ற புரோகிராமிங் மொழியில் ஒரு ஃபைலை மொத்தமாக ஒரே மூச்சில் படிக்கிற ஃபங்ஷனுக்குப் பேர் ஸ்லர்ப். எழுதுகிற ஃபங்ஷனுக்கு? ஸ்பிட்! யாஹூ வெப் பக்கங்களை உறிஞ்சுவதற்கு அனுப்பிய க்ராலருக்கும் ஸ்லர்ப் என்றுதான் பேர். ஒரு வார்த்தையில் மாஸ்டர் ஆகிவிட்ட திமிர் எனக்கு.

அந்தத் திமிரோடு இருந்தபோதுதான் செகண்ட் இயரில் அப்பா காலேஜுக்கு வந்தார். ஸ்காலர்ஷிப் பேப்பரில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. பள்ளிபாளையம் பக்கம் ஒரு விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறார். வேலையை முடித்ததும் ரூம்மேட், இன்னும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், அப்பா, நான் எல்லோரும் கேன்டீனில் உட்கார்ந்தோம். டீ வந்தது. ஆவி பறக்கிற டீ. அப்பா டம்ளரை எடுத்தார்.

சர்ர்ர்ர்ர்.

பக்கத்து டேபிளில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஜோக் மாதிரி சிரித்துக்கொண்டே, "அப்பா, டோன்ட் ஸ்லர்ப்" என்றேன். அவருக்கு இங்கிலீஷ் புரியாது என்ற தைரியம்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வருஷம் முன்னால் என்னைக் கலாய்த்த ரூம்மேட் குனிந்து போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சொன்ன கண்ணு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கப்பா. டீ நல்லாருக்குதான்னு கேட்டேன்."

"நல்லாருக்குது கண்ணு" என்று சொல்லி மறுபடியும் எடுத்தார். சர்ர்ர்ர்ர்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அடுத்த வாரம் அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்கப்பா பட்டறைல எல்லார்த்துக்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு. பையன் ஃப்ரெண்ட்ஸ் முன்னால எங்கிட்ட இங்கிலீஷ்ல பேசினான், டீ நல்லாருக்குதான்னா ஸ்லர்ப்புன்னு கேக்கோணுமாம்னு." இப்போது எங்கள் வீட்டில் அம்மா டீ போட்டுக் கொடுத்தால் அப்பா சொல்கிற பதில், "ஸ்லர்ப்!"

செமஸ்டர் லீவில் ஒரு நாள் நான்தான் பட்டறைக்கு டீ கொண்டுபோனேன். வாசலில் நிற்கும்போதே தறிச் சத்தம் காதை அடைத்தது. உள்ளே ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் காதில் கத்த வேண்டும், இல்லையென்றால் சைகைதான். அப்பாவுக்கு நாலு தறி. நாடாவில் தார் தீரும், நூல் அறும், ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. தூக்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே, கண்ணைத் தறியிலேயே வைத்துக்கொண்டு உறிஞ்சினார். நாலைந்து இழுப்பு. டம்ளர் காலி. கொதிக்கிற டீயை ஒரு நிமிஷத்தில் குடிக்க வேண்டுமென்றால் காற்றையும் சேர்த்து இழுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதுதான் நாக்கு சுடாது. அந்தச் சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிற அவருக்கு எங்கே கேட்டிருக்கப்போகிறது? இப்போதெல்லாம் வீட்டிலேயே டிவி சத்தத்தைக் கூட்டித்தான் வைக்கிறார்.

டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் காதருகே வந்து கத்தினார். "ஸ்லர்ப்பா கண்ணு?"

"ஸ்லர்ப்புங்கப்பா!" என்று நானும் கத்தினேன்.

குன்னூர் மாதிரி ஊர்களில் டீ டேஸ்டர்கள் ஒவ்வொரு டீயையும் இப்படிச் சத்தமாக உறிஞ்சித்தான் தரம் பார்க்கிறார்கள். காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் டீ நாக்கு முழுக்கப் பரவும், வாசனையும் மூக்குக்கு ஏறும். ஜப்பானில் நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி ஒருவழியாகச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் அன்றைக்கு நான் டீ நல்லாருக்கா என்று கேட்கவில்லை. அதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அப்பாவுக்கு இங்கிலீஷ்தான் வராது. தமிழ் நன்றாகவே படிப்பார். நம்ம மேகஸின் லிங்க்கைப் போன இதழுக்கும் கேட்டு வாங்கினார். இந்த இதழையும் கேட்பார். அனுப்பப்போகிறேன்.

அப்பா, இங்க வரைக்கும் படிச்சிட்டீங்கன்னா ஒரு போன் பண்ணுங்க.