அலுமாரியில் நிற்கும் கிண்ணம்

விழா மலருக்கு விளையாட்டைப் பற்றி எழுதுமாறு நண்பர்கள் பணித்தபோது, அட்டனில் எமது இல்லத்து அலுமாரியில் நிற்கும் கல்லூரிக் கிண்ணமே முதலிற் கண்ணிற் பட்டது. கல்லூரி தன் வீரனைப் பாராட்டும் முறை அது. நாடு எவ்வாறு பாராட்டுகின்றது என்று எண்ணிப் பார்த்தோம்.

1986ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய விருதுகளில் விஞ்ஞானத்துக்கு வித்யா ஜோதியும் கலைக்குக் கலா கீர்த்தியும் உள. விளையாட்டுக்கெனத் தனிப் பட்டம் இல்லை. வீரர் பொதுச் சேவை என்னும் வாயிலாலேயே நுழைதல் வேண்டும். இந்தியாவோ 1961இலேயே அருச்சுனா விருதை ஏற்படுத்திவிட்டது. இது சிறு குறையே. எம்மை உறுத்துவது வேறொன்று. இவ்விருதுகள் குடிமக்களுக்குரியன; பிறநாட்டவரைக் கௌரவிக்க ஸ்ரீலங்கா ரஞ்சன வேறாக உண்டு. இரண்டிலும் சேராதோர் எங்கு நிற்பர்?

1948 ஜூலை 31ஆந் திகதி, கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைற், இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். எம்.பி.இ. பட்டமும் அவரை நாடி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. இடையே நான்கு மாதங்கூட இல்லை. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனின் பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர். பேரர் 2010இல் காலி மைதானத்தில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தியபோது, எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை அளித்த 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வயது ஏழுதான்.

எழுபதுகளில் எமக்கு ஒரு தோழன் இருந்தான். தோட்டப் பாடசாலையோடு படிப்பை முடித்துக்கொண்டவன். விடுமுறைதோறும் பிரட்டுக்களத்திலிருந்து ஸ்டோர் வாசல் வரை இருவரும் ஓடுவோம். எம் காலிற் கல்லூரிச் சப்பாத்து. அவன் காலில் ஒன்றுமில்லை. ஒரு முறையேனும் நாம் வென்றதில்லை. அந்த நாம்தான் கல்லூரியில் 400 மீற்றருக்குக் கிண்ணம் பெற்றோம்!

1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவன் குடும்பத்துக்கும் கடவுச்சீட்டு வந்தது. புறப்படுமுன் எமது இல்லம் வந்தவன், கிண்ணத்தைக் கையிலெடுத்து, பொறித்திருந்த எமது பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான். சிரித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான். மறுநாள் அட்டன் நிலையத்தில், எம்மவர் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டிருந்த தலைமன்னார் வண்டியில் ஏறினான். கிண்ணத்தை அவனிடமே கொடுத்திருக்கலாம் என்னும் எண்ணம், வண்டி சென்ற பின்னரே எமக்குத் தோன்றிற்று.