மலரும் மடலும்

மலரின் வாழ்வு மிகச் சிறிது. ஆயினும் அச்சிறு வாழ்வின் ஒவ்வொரு படிக்கும் தமிழர் தனித்தனியே பெயரிட்டு வைத்தனர். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவங்கள் ஏழு ஆகும். இவற்றுள் இறுதி இரண்டும் கூர்ந்து நோக்கத்தக்கவை. காம்பினின்று கழன்று விழும் பூ 'வீ' எனப்பட்டது. வாடிச் சுருங்கிய பூ 'செம்மல்' எனப்பட்டது. மலர்ச்சியைப் போற்றிய மக்கள், வாட்டத்தையும் மறவாது அதற்கும் ஒரு பெயரளித்தனர். பிறந்த ஒன்று முறையாக மறைதலும் அழகே என்பது அவர்கள் கருத்துப் போலும்!

ஒரு பூ ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்குச் செல்லும்பொழுது அதனுடன் வேறொன்றும் செல்கிறது. அஃது அப்பூவைப் பொதிந்த பொருள். இலையோ, தாளோ, கூடையோ, கிண்ணமோ ஏதேனும் ஒன்று பூவைத் தாங்கியே தீரவேண்டும். பூவின் பருவங்கள் ஏழு என்று அறிந்தோம். பூவைப் பொதிந்த பொருளுக்குப் பருவங்கள் எத்தனை? அதற்கும் ஒரு செம்மற் பருவம் உண்டா? இவ்வினா எளியது போலத் தோன்றும். விடையோ அத்துணை எளியதன்று.

இயற்கை இவ்வினாவிற்கு நெடுங்காலத்திற்கு முன்பே விடை கண்டுள்ளது. தென்னை தன் பூங்கொத்தைப் பாளை என்னும் உறைக்குள் வைத்துக் காக்கிறது. கொத்து முதிர்ந்ததும் பாளை வெடித்து வழிவிடுகிறது. பின்னர்க் காய்ந்து விடுகிறது. வாழை தன் பூக்களைச் சீப்புச் சீப்பாக அடுக்கி, ஒவ்வொரு சீப்பின் மேலும் செந்நிற மடல் ஒன்றைப் போர்த்துகிறது. சீப்பு வெளிப்படும் காலத்தில் மடல் மேலெழுந்து சுருண்டு உதிர்கிறது. கமுகு மரத்திலோ, பழுத்த ஓலையின் அடிமட்டை மரத்தினின்று கழன்று விழுந்த பின்னரே அதனுள் மறைந்திருந்த பூங்கொத்து வெளியே தோன்றுகிறது. காக்க வேண்டிய காலம் வரை காத்து, காட்ட வேண்டிய வேளையில் திறந்து, கடமை முடிந்ததும் மண்ணில் கலப்பதே இம்மூன்று உறைகளின் இயல்பு. பூவுக்குப் பொதி செய்ய விரும்புவோர் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.

தமிழ்நாட்டுப் பூக்கடைக்காரர்கள் இப்பாடத்தை வழிவழியாகக் கற்றவர்கள். சேலம் நகரின் வ.உ.சி. பூச்சந்தை போன்ற இடங்களுக்கு வைகறையிலேயே மல்லிகையும் முல்லையும் சாமந்தியும் வந்து குவிகின்றன. பனமரத்துப்பட்டிப் பக்கத்து அரளியும் வருகிறது. முழக்கணக்கில் அளந்த பூச்சரத்தை வாழையிலைத் துண்டில் வைத்து மடித்து, நனைந்த வாழைநாரால் ஒரு முடிச்சிட்டுக் கொடுப்பது பூக்கட்டும் பெண்களுக்குக் கைவந்த கலை. வாழையிலையின் மேற்பரப்பில் மெழுகு போன்ற மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. ஆகையால் பூவின்மீது தெளித்த நீர் இலையில் ஊறிப் போகாமல் உள்ளேயே தங்கும். பொதியினுள் காற்று ஈரமாக இருப்பதால் பூ விரைவில் வாடுவதில்லை. வீடு சேர்ந்ததும் முடிச்சை அவிழ்த்தால், இலை பசுவிற்கு உணவாகும்; நார் எருக்குழிக்குச் செல்லும். மந்தாரை இலையும் தாமரை இலையும் பனையோலைப் பெட்டியும் இத்தகைய தொண்டே ஆற்றி வந்தன. இப்பொதிகளுக்கு வடிவம் கண்டவர் இன்னார் என்று எவரும் கூறவியலாது. பல தலைமுறையினரின் கைகள் சேர்ந்து செய்த வடிவம் அது.

இனிச் சமவெளியை விட்டு மலைக்குச் செல்வோர் புதியதொரு சிக்கலைக் காண்பர். சேலத்தின் வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. கொண்டையூசி வளைவுகள் பலவற்றைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. அங்கிருந்து மலைச்சாலை வழியே செல்வோர் கரடியூர் போன்ற சிற்றூர்களை அடைவர்; கரடியூரின் காட்சிமுனையில் நின்றால் கீழே சமவெளி விரிந்து தோன்றும். காப்பிச் செடிகளும் அவற்றிற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படரும் மிளகுக் கொடிகளும் இம்மலையின் செல்வங்கள். இவற்றுள் காப்பி 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தது. சில்வர் ஓக் ஆத்திரேலியாவிலிருந்து வந்தது. அவ்வாறே அமெரிக்க வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்ட அந்தூரியமும் இம்மலையின் நிழலிலும் ஈரத்திலும் வேரூன்றியது. மே மாதத்துக் கோடை விழாவின்போது அண்ணா பூங்காவில் நடைபெறும் மலர்க் கண்காட்சியைக் காண மக்கள் திரள்கின்றனர்.

மல்லிகையும் அரளியும் உதிரி மலர்கள். காம்பு நீக்கிப் பறிக்கப்படுபவை. அந்தூரியம், ரோசா, கார்னேசன், செர்பரா முதலியனவோ நீண்ட தண்டோடு கொய்யப்படும் கொய்மலர்கள். உதிரி மலர் சூடுவதற்கும் தொடுப்பதற்கும் உரியது. கொய்மலர் கொடுப்பதற்கும் நிறுத்தி வைத்துக் காண்பதற்கும் உரியது. மல்லிகை ஒரு நாளில் வாடும். அந்தூரியம் நீரில் நின்றால் இரண்டு மூன்று வாரங்கள்கூட வாடாதிருக்கும். ஒரு நாள் வாழும் பூவுக்கு ஏற்ற வாழையிலைப் பொதி, நீண்ட தண்டும் பல நாள் வாழ்வும் உடைய பூவுக்குப் போதாது. பழைய முறையைப் புகழ்ந்து பேசுவதாலேயே இச்சிக்கல் தீர்ந்துவிடாது.

கொய்மலர் ஏன் வாடுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தண்டினுள் நுண்குழாய்கள் பல உள்ளன. செடியில் இருக்கும் வரை வேர் உறிஞ்சிய நீர் அவற்றின் வழியே மேலேறுகிறது. தண்டை அறுத்தவுடன் வேரின் தொடர்பு அறுகிறது. ஆனால் இதழும் இலையும் நீரை ஆவியாக விடுவது நிற்பதில்லை. அறுத்த முனையில் காற்றுக்குமிழ் புகுந்தாலும், அழுக்கு நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் அடைத்துக்கொண்டாலும் நீரேற்றம் தடைப்படும். எனவே கொய்மலரின் பொதி நான்கு கடமைகளை உடையது. தண்டு ஒடியாமல் தாங்குதல் முதலாவது. முனைக்கு ஈரம் அளித்தல் இரண்டாவது. மலரின் அழகு தோன்ற நிற்றல் மூன்றாவது. பயன் முடிந்ததும் மண்ணில் மறைதல் நான்காவது.

இக்காலத்துப் பூங்கொத்துக் கடைகள் முதல் மூன்று கடமைகளையும் திறம்பட முடித்துள்ளன, நான்காவதை மறந்துவிட்டன. பளபளக்கும் தெளிந்த தாளைச் செல்லோபேன் என்று பலரும் வழங்குவர். சுவிட்சர்லாந்து நாட்டு வேதியியல் அறிஞர் சாக் பிராண்டன்பெர்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட உண்மையான செல்லோபேன், மரக்கூழிலிருந்து கிடைக்கும் செல்லுலோசால் ஆனது. பூச்சு எதுவும் இல்லாவிடின் அது மண்ணில் மக்கும். ஆனால் இன்று அப்பெயரால் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. பெயர் பழையது, பொருள் வேறு! மலர்களைக் குத்தி நிறுத்தும் பச்சை நுரைக்கட்டி 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும் அக்கட்டியும் ஒருவகைப் பிளாஸ்டிக்கே. பொடிந்து தூளாகுமேயன்றி அது மக்குவதில்லை. அத்தூளை நீர்வாழ் சிற்றுயிர்கள் உட்கொள்கின்றன என்றும், அதினின்று கசியும் பொருள்கள் அவற்றிற்குத் தீங்கு விளைக்கின்றன என்றும் மெல்போர்ன் நகரின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் எடுத்துக்காட்டினர். இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் தான் நடத்தும் மலர்க் கண்காட்சிகளில் இந்நுரைக்கட்டியை 2021 முதல் விலக்கியது.

மலைமேல் எறிந்த பொருள் மலைமேலேயே கிடப்பதில்லை. திருமணிமுத்தாறும் சரபங்கா ஆறும் வாணியாறும் சேர்வராயன் மலையில்தான் பிறக்கின்றன. ஏற்காட்டில் ஒருவர் அலட்சியமாக வீசிய தாள், மழைநீரோடு ஓடைக்கும், ஓடையோடு ஆற்றுக்கும் செல்லும். காப்பித் தோட்டங்களினூடே திரியும் காட்டெருதுக்கு இலைக்கும் தாளுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. அன்பின் அடையாளமாகக் கொடுத்த பூ ஒரு வாரத்தில் வாட, அதன் உறை அறியாத உயிர் ஒன்றிற்குத் துன்பமாகிப் பல்லாண்டுகள் கிடக்குமாயின், அக்கொடையின் சிறப்புத்தான் என்ன?

சட்டம் தன் கடமையை ஓரளவு செய்துள்ளது. பைகள், தட்டுகள், குவளைகள், உறிஞ்சு குழல்கள் முதலிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்தது. இந்திய அரசு அத்தகைய பொருள்கள் சிலவற்றை 2022 சூலை முதல் நாளிலிருந்து நாடு முழுவதிலும் தடுத்தது. ஆயினும் 'இது வேண்டா' என்று சட்டம் கூறலாம்; 'இதற்கு மாற்று இது' என்று செய்து காட்டவேண்டியது கைத்திறனும் அறிவுமே.

வடிவமைத்தல் என்பது ஒப்பனை செய்தல் அன்று. தக்க வினாக்களை எழுப்பி விடை காணுதல். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லசு ஈம்சு, ரே ஈம்சு என்னும் இருவர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். இந்நாட்டில் தாம் கண்டவற்றுள் அவர்கள் பெரிதும் வியந்தது விலையுயர்ந்த அணிகலன் அன்று; நீர் மொள்ளும் செம்பு. எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பில் எவ்வாறு அமரும், எவ்வாறு ஊற்றும், எவ்வாறு துலக்கப்படும், பயன் முடிந்தபின் அதன் உலோகம் என்ன மதிப்புப் பெறும் என்னும் வினாக்கள் யாவும் அவ்வடிவத்தில் அடங்கியிருப்பதை அவர்கள் உணர்ந்தனர். அவ்வறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. சப்பானிய நாட்டினரோ ஐந்து முட்டைகளை வைக்கோலால் வரிசையாகக் கட்டி உடையாமல் கொண்டுசெல்லும் முறையைக் கண்டவர்கள். அத்தகைய பழம்பொதிகளை ஓகா இதெயுக்கி என்பவர் தொகுத்து வெளியிட்ட நூல், 1967இல் ஆங்கிலத்திலும் வெளிவந்து உலகின் கருத்தைக் கவர்ந்தது.

சேர்வராயன் மலையின் பூவுக்கும் அத்தகைய பொதி ஒன்றை அம்மலைப் பக்கத்துப் பொருள்களைக் கொண்டே ஆக்கலாம். மலையடிவாரத்து வாழப்பாடிப் பக்கம் கமுகந்தோப்புகள் மிகுதி. பூங்கொத்தை மறைத்திருந்து தானே கழன்று விழுந்த பாக்குமட்டையை நனைத்து, சூடான அச்சில் அழுத்தினால், பசையின்றியே அது தட்டாகவும் கிண்ணமாகவும் உருப்பெறும். ஆழமான கிண்ணமாயின் சிறிது நீர் கொள்ளும். நுரைக்கட்டிக்கு ஈடாக, குறுக்கும் நெடுக்குமாகச் செருகிய மூங்கிற் குச்சிகள் தண்டுகளை நிறுத்தும். வழிப்பயணத்தில், நனைத்த வாழைப்பட்டையைத் தண்டின் முனையில் சுற்றி நாரால் கட்டினால் ஈரம் காக்கும். பூவின் தலையைச் சூழ ஓர் இலையோ, அச்சிடாத காகிதமோ போதும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. பாக்குமட்டை நெடுநாள் நீர் தாங்காது, ஊறி நெகிழும். இலை காய்ந்தால் கிழியும். வாங்குவோரின் கண்ணோ பளபளப்பிற்குப் பழகிவிட்டது. ஆயினும் பொதி பூவினும் நெடுங்காலம் வாழவேண்டியதில்லை. பூ வாழும் வரை வாழ்ந்தால் போதும். சில நாளில் நெகிழும் மட்டையின் தன்மையைக் குறை என்று தள்ளாமல், அளவறிந்து பயன்படுத்துவதே அறிவுடைமை.

இதனை மாணவர் தாமே ஆராய்ந்து காணலாம். ஒரே அளவுள்ள மூன்று ரோசாக்களைக் கொய்து, ஒன்றை வெறுமனே வைத்து, மற்றொன்றின் முனையில் நனைத்த வாழைப்பட்டையைச் சுற்றி, மூன்றாவதைப் பாக்குமட்டைக் கிண்ணத்து நீரில் நிறுத்துக. ஒவ்வொரு நாளும் காலையில் அவற்றை நோக்கி, எது எப்போது தலை சாய்ந்தது என்று குறித்துக்கொள்க. பின்னர்ப் பட்டையையும் மட்டையையும் ஒரு பிளாஸ்டிக் தாளையும் பள்ளித் தோட்டத்தில் புதைத்து, அடுத்த பருவத்தில் தோண்டிப் பார்க்க. ஏட்டுக் கல்வி சொல்லாத செய்தியை மண் சொல்லும்.

கொடை என்பது கொடுக்கும் கையோடும் பெறும் கையோடும் முடிந்துவிடுவதன்று. அதனைப் பின்னர் ஏற்கும் நிலத்தையும் அது சாரும். பூவுக்குச் செம்மற் பருவம் வகுத்த மக்கள், பூவைப் பொதிந்த பொருளுக்கும் அப்பருவத்தை வகுத்தல் கடனாகும்.