முகமூடி போட்ட துரை

சூப்பர் ஹீரோ படம் ஒன்று வந்தால் எங்கள் ஹொஸ்டலில் சண்டை எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். காமிக்ஸில் இருந்த மாதிரியே உடுப்பு இருக்கா, நிறம் சரியா, கதையை மாத்திட்டாங்களா. இதையே விடிய விடியப் பேசுவோம். எனக்கு இந்தக் கேள்விகளில் இப்போது பெரிய ஆர்வம் இல்லை. நான் கேட்கிறது வேறு. இந்த ஹீரோ யார் வீட்டு ஆள்? அவன் காப்பாற்றுகிற சனங்கள் கதை முழுக்க என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? படம் நல்லதா கெட்டதா என்று நான் முடிவெடுப்பது இதை வைத்துத்தான்.

கலைப்பீடத்துக்கு வந்து கோட்பாடு படித்ததால் வந்த கேள்வி என்று நினைக்காதீங்க. ஸ்பிரிங்வெளியில் லயத்தில் இருந்து காமிக்ஸ் வாசித்தால் தானாகவே வரும்.

எங்கள் மாமாவிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இந்தியக் காமிக்ஸ் இருந்தது. இளந்தாரிக் காலத்தில் பதுளை டவுனில் பழைய புத்தகமாக வாங்கிச் சேர்த்தது. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். பாதிக்கு அட்டை இல்லை. கூரை ஒழுகி ஒன்றோடொன்று ஒட்டிப்போனதும் உண்டு. மார்வெல், டிசி என்ற பேரெல்லாம் காதில் விழுவதற்கு முன்னாடியே எனக்கு வேதாளரைத் தெரியும், இரும்புக்கை மாயாவியைத் தெரியும்.

முதலில் வேதாளர். லீ ஃபால்க் என்ற அமெரிக்கர் 1936இல் உருவாக்கிய ஃபாண்டம்தான் தமிழுக்கு வேதாளராக வந்தார். ராணி காமிக்ஸில் அவருக்கே மாயாவி என்று பேர். கதை இதுதான்: கடற்கொள்ளையரிடம் தப்பிக் கரை ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரனைக் காட்டுச் சனங்கள் காப்பாற்றுகிறார்கள். அவன் தீமையை ஒழிப்பதாகச் சத்தியம் செய்கிறான். அப்புறம் அவன் பரம்பரையே மண்டையோட்டுக் குகையில் இருந்துகொண்டு அந்தக் காட்டுக்கு நீதி சொல்கிறது. நாம் வாசிப்பது 21ஆவது வேதாளரின் கதை. அப்பா செத்தால் மகன் அதே உடுப்பைப் போட்டுக்கொள்வான். வெளியில் இருக்கிற சனங்களுக்கு இது தெரியாது. நானூறு வருஷமாக ஒரே ஆள்தான், அவருக்குச் சாவே இல்லை என்று நம்புவார்கள்.

இதை வாசிக்கிற தோட்டத்துப் பிள்ளைக்கு யார் ஞாபகம் வரும்? துரைதான். தோட்டத்தில் துரைமாருக்குப் பேர் கிடையாது. பெரிய துரை, சின்ன துரை, அவ்வளவுதான். வெள்ளைக்காரத் துரைமார் போனார்கள். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. ஆனால் பங்களா அதே மேட்டில்தான் இருக்கிறது, லயம் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது, 'துரை' என்ற சொல்லும் மாறவில்லை. உள்ளே ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் சாகாதவர்தான்.

இதுக்காக வேதாளரை எரிக்கச் சொல்ல வரவில்லை. அவருடைய ஓநாய் டெவில், ஹீரோ என்ற வெள்ளைக் குதிரை, காட்டு முரசு எல்லாம் எனக்கு இப்பவும் பிடிக்கும். ஆனால் அந்தக் காட்டுச் சனங்கள் நூறு கதையிலும் முரசு அடிப்பார்கள், செய்தி கொண்டுவருவார்கள், காத்திருப்பார்கள். தீர்ப்பு மட்டும் அவர்கள் சொல்லமாட்டார்கள். 1996இல் பில்லி ஸேன் நடித்து வந்த ஃபாண்டம் படம் ஊதா உடுப்பைக்கூட அப்படியே வைத்திருந்தது. உடுப்புக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு இதைவிட விசுவாசமான படம் கிடைக்காது. ஆனாலும் அது ஓடவில்லை. காட்டில் இருந்த மனிதர்கள் திரையிலும் பின்னணியாகத்தான் நின்றார்கள்.

அதனால்தான் 'காமிக்ஸை மாத்தாதீங்க' என்கிற ரசிகர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. சில விஷயத்தை மாத்தித்தான் ஆக வேண்டும். பிளாக் பாந்தரை 1966இல் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் உருவாக்கினார்கள். அந்தக் காமிக்ஸில் எம்பாகு என்றொரு வில்லன் வருவான். ஆப்பிரிக்கன், கொரில்லாத் தோலைப் போட்டுக்கொண்டு வருவான், பட்டப்பேர் 'மனிதக் குரங்கு'. 2018இல் ரயன் கூக்லர் படம் எடுத்தபோது அந்தப் பட்டப்பேரைத் தூக்கி எறிந்தார். எம்பாகுவை மலையில் வாழும் ஜபாரி மக்களின் தலைவனாக்கினார். பகிடி விடுகிற, கோபப்படுகிற, அரசனோடு சரிக்குச் சரி பேசுகிற ஒரு மலைநாட்டுத் தலைவன். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த ஆளே அவன்தான். காமிக்ஸை அப்படியே எடுத்திருந்தால் அவன் கிடைத்திருக்கமாட்டான்.

இரும்புக்கை மாயாவியிடம் வருகிறேன். பிரிட்டிஷ் வாரப் பத்திரிகையான வேலியண்டில் 1962இல் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ. 1972இல் சிவகாசியில் இருந்து முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே இவர்தான். ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்தியிருப்பார்கள். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் அவர் மறைந்துபோவார். இரும்புக் கை மட்டும் மறையாது. அந்தரத்தில் ஒரு கை தனியாக நகரும். தொடக்கக் கதையில் அவர் நல்லவர்கூட இல்லை, அந்தச் சக்தியைத் திருடத்தான் பாவிக்கிறார். நிழற்படையில் சேர்ந்து நல்லது செய்வதெல்லாம் அப்புறம்.

தமிழில் இவருக்கு இருக்கிற மாதிரி ரசிகர்கள் வேறு நாட்டில் இருப்பார்களா தெரியாது. என் காரணத்தைச் சொல்கிறேன். தேயிலை விளம்பரங்களைப் பாருங்க. பச்சைக் கொழுந்தும் அதைக் கிள்ளுகிற ஒரு கையும் இருக்கும். சில நேரம் முகம் இருந்தாலும் அது சிரிக்கிற மொடலின் முகம். கொழுந்து எடுத்த அம்மாவின் முகம் இல்லை, பேர் இல்லை, அன்றைக்கு எத்தனை கிலோ, அட்டை எங்கே கடித்தது, ஒன்றும் இல்லை. கை மட்டும் உலகம் முழுக்கத் தெரியும், ஆள் மறைந்துபோவார். மாயாவிக்காவது மின்சாரம் தீர்ந்ததும் உருவம் திரும்பி வரும். இந்தக் கதையை யாராவது சினிமாவாக எடுத்தால் கிராஃபிக்ஸில் கையை மிதக்கவிடுவது லேசான வேலை. கை மட்டும் தெரிந்து ஆள் தெரியாமல் வாழ்வது எப்படி இருக்கும் என்று காட்டினால்தான் அது எனக்கு இரும்புக்கை மாயாவி.

தமிழில் வந்த முயற்சிகளில் 2012இல் வந்த மிஷ்கினின் 'முகமூடி'யை நான் மதிக்கிறேன், ஆனால் மனசில் நிற்கவில்லை. முகமூடியும் குங்ஃபூவும் வந்தன. அந்த ஊருக்கு அப்படியொரு ஆள் ஏன் தேவை என்பது வரவில்லை. 2021இல் பசில் ஜோசப் எடுத்த மலையாளப் படம் 'மின்னல் முரளி' அதைச் சரியாகப் பிடித்தது. ஒரே ராத்திரி, ஒரே மின்னல், இரண்டு பேர் மேல் விழுகிறது. ஒருவன் தையல்காரன், ஊர் அவனை ஏற்றுக்கொள்கிறது. மற்றவன் ஷிபு, ஊர் அவனைப் பைத்தியம் என்று ஒதுக்குகிறது. குரு சோமசுந்தரம் நடித்த அந்த ஷிபுவை என்னால் வில்லன் என்று சொல்ல முடியவில்லை. அவன் கெட்டுப்போனதில் ஊருக்கும் பங்கு இருக்கிறது என்று படமே சொல்கிறது.

2023இல் மடோன் அஸ்வின் எடுத்த 'மாவீரன்' எனக்கு இன்னும் கிட்ட வந்தது. ஹீரோவே காமிக்ஸ் வரைகிறவன், பயந்தாங்கொள்ளி. குடிசையில் இருந்து கிளப்பிப் புது அடுக்குமாடியில் கொண்டுபோய் விடுகிறார்கள். கை வைத்த இடமெல்லாம் உதிர்கிறது. அம்மா சண்டைக்குப் போகிறார், மகன் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்று பூசி மெழுகுகிறான். அப்புறம் அவனுக்கு மட்டும் ஒரு குரல் கேட்கத் தொடங்குகிறது.

அந்தப் படத்தை எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துத்தான் பார்த்தோம். சுவரில் வெடிப்பு ஓடுகிற காட்சி வந்ததும் அம்மா, "மீரியபெத்தயிலயும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார். அதுக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மாவட்டம்தான் அது, கொஸ்லந்தைப் பக்கம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது குரல் கேட்டுத்தான் இருந்தது. சனங்கள் எழும்பிப் போக வேறு வீடுதான் இருக்கவில்லை. அங்கே பறந்து வந்து மலையைத் தாங்கிப் பிடிக்கிற ஹீரோவை வரைந்தால் அது எனக்குப் பொய்யாகத்தான் தெரியும். பிடிக்க வேண்டியது மலையை இல்லையே.

எங்கள் ஆட்களுக்கு ஹீரோ கதையை எடுத்துச் சொல்லத் தெரியாமலும் இல்லை. மாசி மாசம் காமன் கூத்து ஆடுகிறோம். காமன் எரிவான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ரதி அழும்போது லயமே அழும். ரதி வேஷம் கட்டினவர் அடுத்த காம்பராவில் இருக்கிற அண்ணன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். பொன்னர் சங்கரும் அப்படித்தான். 2011இல் அந்தக் கதை பிரசாந்த் இரட்டை வேஷத்தில் பெரிய செலவில் படமாக வந்தது. எனக்கு அரண்மனையும் நகையும்தான் ஞாபகம் இருக்கிறது. கூத்தில் அரண்மனை இல்லை, பந்தம்தான் இருக்கும், ஆனால் கதை நம்முடையதாக இருக்கும்.

சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன் 2' படத்தில் ரயில் காட்சி ஞாபகம் இருக்கா? ரயிலை நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறவனைப் பயணிகள்தான் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி உள்ளே கொண்டுபோவார்கள். முகமூடி இல்லை. "சின்னப் பொடியன்தானே" என்று பார்ப்பார்கள், யாரிடமும் சொல்லமாட்டோம் என்பார்கள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ உலகங்கள் அழிந்து மீண்டுவிட்டன, அந்த ஒரு நிமிஷத்தை எந்தப் படமும் எனக்கு மறக்கடிக்கவில்லை. சனங்கள் ஹீரோவைக் காப்பாற்றுகிற நிமிஷம் அது.

மலையகத்தில் இருந்து ஒரு காமிக்ஸ் வந்தால் அது அங்கிருந்து தொடங்கட்டும். என் ரூம்மேட்டுக்கு வரைய வரும், எனக்கு எழுத வரும். ஒரு கதை யோசித்து வைத்திருக்கிறோம். ராத்திரியில் மண் நகர்கிற சத்தம் கேட்கிற ஒரு கொழுந்துக்கார அம்மா. ஆனால் இதுவரைக்கும் எங்களால் தீர்க்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது: அவர் சொல்வதை மேட்டில் இருக்கிறவர்கள் கேட்கவில்லை என்றால் அடுத்த பக்கத்தில் லயத்து ஆட்கள் என்ன செய்கிறார்கள்? உங்களிடம் யோசனை இருந்தால் சொல்லுங்க. துரை வந்து காப்பாற்றுவார் என்பதைத் தவிர வேறு எதையும் கேட்கத் தயார்.